மருந்தடிக்காத காய்

எங்கள் வீட்டுப் பரணில் பழைய பிஸ்கட் டின் ஒன்று இருக்கிறது. அதற்குள் பாலித்தீன் பையில் மூன்று சுற்றுச் சுற்றி, நூறு மில்லி பாட்டில் ஒன்றை வைத்திருக்கிறேன். முக்கால் பாட்டிலுக்கு மேல் அப்படியே மீதம் இருக்கிறது. 2019 ஜூனில் வாங்கியது. அதை வாங்கியதும் அடித்ததும் என் கணவருக்கே இரண்டு வருஷம் கழித்துத்தான் தெரியும். என் கையால் காய் வாங்கிப்போன மற்றவர்களுக்கு இப்போது சொல்கிறேன்.

நான் முப்பத்தொரு வருஷம் மேல்நிலை வகுப்புகளுக்குத் தாவரவியல் எடுத்தவள். திருவான்மியூரில், கடற்கரைக்கு நடந்துபோகிற தூரத்தில், என் மாமனார் கட்டிய வீட்டில் இருக்கிறோம். தெருவில் மற்ற வீடுகளெல்லாம் அடுக்குமாடி ஆகிவிட்டன. எங்களுடையது மட்டும் சுற்றிலும் இடம் விட்ட தனிவீடாக நிற்கிறது. மண் என்று பெயர். உண்மையில் அது கடல்மணல். குடம் தண்ணீர் ஊற்றினாலும் கண்ணெதிரே குடித்துவிட்டுக் காய்ந்து நிற்கும். சாயங்காலம் உப்புக்காற்று வந்து இளந்தளிரின் ஓரத்தைக் கருக்கிவிடும். இந்த மணலில் வருஷக்கணக்காக இலைச்சருகும் சாணியும் போட்டுப் போட்டுத்தான் செம்பருத்தி, பப்பாளி, கறிவேப்பிலை, முருங்கை என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவந்தோம். 2014-ல், தோட்டக்கலைத் துறை மானிய விலையில் கொடுத்த ‘நீங்களே செய்து பாருங்கள்’ பெட்டியை வாங்கி மாடியிலும் பைகளை அடுக்கினேன். கத்தரி, வெண்டை, தக்காளி, அரைக்கீரை, சிறுகீரை எல்லாம் வந்தன.

காய் வீட்டுத் தேவைக்கு மிஞ்சியது. தெருவில் கொடுக்கத் தொடங்கினேன். ‘டீச்சர் வீட்டுக் காய்’ என்று அதற்கு ஒரு பெயர் வந்தது. வாங்குகிறவர்கள் தவறாமல் ஒன்று கேட்பார்கள்: “மருந்தடிக்காததுதானே டீச்சர்?” அடிக்காததுதான் என்பேன். அப்படிச் சொல்லும்போது எனக்குள் ஏறுகிற நிமிர்வை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஓய்வு பெற்ற பிறகு ஊரில் எனக்கிருந்த மரியாதை அந்த ஒரு பதிலில் நின்றது.

பூச்சிக்கொல்லியைத் தமிழில் மருந்து என்றே சொல்லிப் பழகிவிட்டோம். உரக்கடையில் ‘என்ன பூச்சி? என்ன மருந்து வேணும்?’ என்றுதான் கேட்பார்கள். வயலில் அடிப்பதும் மருந்து, அதையே குடித்துச் செத்தால் ‘மருந்தைக் குடிச்சிட்டான்’ என்பதும் அதே சொல். எங்கள் ஊர்ச் சாமியின் பெயர் மருந்தீசர். அகத்தியருக்கு மருந்துகளை உபதேசித்தவர் என்பது தலபுராணம். வெள்ளிக்கிழமைதோறும் செம்பருத்தியும் வில்வமும் எடுத்துக்கொண்டு அந்தச் சன்னிதிக்குப் போகிறவள் நான். அந்தச் சொல்லின் இரண்டு அர்த்தமும் தெரிந்தே இருந்தேன்.

தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு இடமே இல்லை. 2008-ல் கோயம்புத்தூர்ப் பக்கம் முதலில் கண்ணில் பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, ஓரிரு வருஷத்தில் எங்கள் கொல்லைக்கும் வந்தது. தண்டு, இலை, காய் எல்லாம் சுண்ணாம்பு பூசினதுபோல வெளுத்தன. மல்பெரி, மரவள்ளி போட்ட விவசாயிகள் மருந்து மேல் மருந்து அடித்தும் அது அடங்கவில்லை. வெளிநாட்டுப் பூச்சி, அதைத் தின்கிற எதிரி கூடவே வரவில்லை என்பதுதான் காரணம். 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசரோஃபேகஸ் பப்பாயே என்ற ஒட்டுண்ணிக் குளவியை வரவழைத்தார்கள். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த உடம்பு. பெங்களூரு ஆராய்ச்சி நிலையத்திலும் வேளாண் பல்கலைக்கழகத்திலும் பெருக்கி, தமிழ்நாடு முழுக்க விட்டார்கள். குளவி மாவுப்பூச்சிக்குள் முட்டையிடும். புழு உள்ளிருந்தே தின்று வளரும். பூச்சி பழுப்புக் கூடாக விறைத்துப்போகும். அதில் வட்டமாக ஓட்டை போட்டுக்கொண்டு புதுக் குளவி வெளியே வரும். எங்கள் இரண்டு பப்பாளியில் ஒன்றை அவசரப்பட்டு வெட்டிவிட்டோம். வெட்டாமல் விட்டது அடுத்த வருஷமே சுத்தமாகி நின்று, காய்க்கவும் காய்த்தது. நாங்கள் அதற்கு ஒன்றும் செய்யவில்லை. அந்தக் கூடுகளை லென்ஸில் வைத்துப் பிள்ளைகளுக்குக் காட்டியிருக்கிறேன். பொறுத்திருந்தால் என்ன நடக்கும் என்பதை என் கொல்லையிலேயே பார்த்தவள் நான்.

2016 டிசம்பர் 12-ம் தேதி வர்தா புயலில் எங்கள் வேப்பமரம் சாய்ந்தது. நிழல் போனதைத்தான் முதலில் நினைத்து அழுதேன். பிறகுதான் மற்றவை தெரிந்தன. தையல்சிட்டு வரத்து குறைந்தது. காலையில் கேபிள் கம்பியில் உட்கார்ந்து பறக்கிற பூச்சியைப் பாய்ந்து பிடிக்கிற கரிச்சான் காணாமல் போனது. கலாக்ஷேத்திராவின் மரங்கள் பக்கத்தில் இருந்ததால் பறவைகள் ஊரைவிட்டுப் போகவில்லை, எங்கள் வீட்டைத்தான் விட்டுப்போயின. வேப்பங்கொட்டை பொறுக்குவதும் நின்றது. அதுவரை ஒவ்வொரு ஆடியிலும் கொட்டை பொறுக்கிக் காயவைத்து, தேவைப்படும்போது ஐம்பது கிராம் இடித்து, ராத்திரி முழுக்க ஒரு லிட்டர் தண்ணீரில் ஊறப்போட்டு வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்புக் கரைத்து அடிப்பேன். அதற்குப் பிறகு கடை வேப்பெண்ணெய்தான்.

2019 கோடை சென்னைக்காரர்கள் யாருக்கும் மறக்காது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கு ஏரிகளும் வறண்டன. மெட்ரோ தண்ணீர் லாரிக்குப் பதிவுசெய்துவிட்டு வாரக்கணக்கில் காத்திருந்தோம். எங்கள் கிணற்றில் அடியில் முழங்கால் அளவு தண்ணீர், அதுவும் கரித்தது. மாவுப்பூச்சிக்கு இருக்கிற முதல் வைத்தியம் தண்ணீர். குழாயை விரலால் அழுத்திப் பிடித்து, இலையின் அடிப்பக்கம் பீய்ச்சி அடித்தால் பாதிப் பூச்சி கீழே விழுந்து எறும்புக்கும் பல்லிக்கும் போய்விடும். அந்தத் தண்ணீர் எங்களிடம் இல்லை. பாத்திரம் கழுவிய தண்ணீரைத் தூக்கிப்போய்ச் செடியின் வேரில் ஊற்றிக்கொண்டிருந்தேன். வாடின செடியைத்தான் பூச்சி முதலில் பிடிக்கும். செம்பருத்தியின் நுனிகள் முஷ்டி மடக்கினதுபோலச் சுருண்டன. கணுவுக்குக் கணு பஞ்சு. அங்கிருந்து எறும்பு அதை மாடிக்குத் தூக்கியது. எறும்புக்கு மாவுப்பூச்சி சுரக்கிற இனிப்பு வேண்டும். அதற்காக அதை இடம் மாற்றும், காவலும் காக்கும். கத்தரியில் வந்தது, வெண்டையில் வந்தது.

முதலில் கையால் நசுக்கினேன். காலையில் ஒரு மணி நேரம், பழைய பல்துலக்கியும் சோப்புத் தண்ணீரும் வைத்துக்கொண்டு, கணுக் கணுவாக. அப்போது அந்தக் கூட்டத்துக்கு நடுவே சில பூச்சிகள் மற்றதைவிட மூன்று மடங்கு பெரிதாக, உடம்பெல்லாம் வெள்ளைக் குஞ்சம் தொங்க, கொஞ்சம் விரைவாக நகர்ந்துகொண்டிருந்தன. இதுதான் தாய்ப்பூச்சி, இதைக் கொன்றால் இனம் அழியும் என்று அவற்றைத் தேடித் தேடி நசுக்கினேன். ஒரு வாரத்தில் நாற்பது ஐம்பது இருக்கும்.

அவை மாவுப்பூச்சியே இல்லை. 2020 ஊரடங்கில், போக இடமில்லாமல் தொட்டி முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தபோது, அதே வெள்ளைக் குஞ்சக்காரன் ஒருவன் ஒரு மாவுப்பூச்சியைக் கவ்விக்கொண்டு தலையை ஆட்டி ஆட்டி உறிஞ்சுவதை லென்ஸில் பார்த்தேன். கிரிப்டோலேமஸ் என்ற பொறிவண்டின் புழு அது. 1898-லேயே காப்பித் தோட்டத்துச் செதில்பூச்சிக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்த இனம். தின்கிற இரையின் வேஷத்தையே அது போட்டுக்கொள்கிறது. செம்பருத்திக்குத் தேவையானதெல்லாம் தானே வந்து வேலையைத் தொடங்கியிருந்திருக்கிறது. அதை நசுக்கிவிட்டு, ‘இயற்கை வழியில் ஒன்றும் நடக்கவில்லை’ என்று நான் முடிவு கட்டினேன். பூச்சியின் வளர்ச்சிப் பருவங்களைக் கரும்பலகையில் வரைந்து காட்டிய கை அது. நிதானமாக ஐந்து நிமிஷம் பார்த்திருந்தால் அது நகர்கிற விதத்திலேயே கண்டுபிடித்திருப்பேன். நான் பார்க்கவில்லை, கொல்லவே உட்கார்ந்திருந்தேன்.

பக்கத்து அடுக்குமாடியிலிருந்து ஏழெட்டுப் பெண்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை தோட்டம் பார்க்க வருவதாக இருந்தது. மருந்தில்லாமல் எப்படிப் பயிர் செய்வது என்று நான் சொல்லித்தர வேண்டும். அதற்கு முந்தைய வியாழக்கிழமை மாடிக்குப் போய்ப் பார்த்தேன். கத்தரி இலைகள் பிசுபிசுவென்று ஒட்டின, வெண்டைப் பிஞ்சு கோணிப்போயிருந்தது. இதைக் காட்டி நான் என்ன பேசுவது? வரவேண்டாம் என்று ஒரு போன் செய்திருக்கலாம். ‘தண்ணீர் இல்லை, தோட்டம் தோற்றுக்கிடக்கிறது, வந்து தோல்வியைப் பாருங்கள்’ என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லியிருந்தால் அதுதான் நான் எடுத்த பாடங்களிலேயே நல்ல பாடமாக இருந்திருக்கும். எனக்கு வாய் வரவில்லை.

ஆட்டோ பிடித்து, என்னைத் தெரியாத இடமாகப் பார்த்து, தூரத்தில் ஒரு கடைக்குப் போனேன். இமிடாகுளோப்ரிட். டப்பாவில் மஞ்சள் நிறம் போட்டிருந்தது. கடும் நஞ்சு என்று அதற்குப் பொருள். அது ஊடுருவிப் பாயும் வகை. இலையில் பட்டாலும் வேரில் பட்டாலும் செடி அதை உள்ளே வாங்கிக்கொண்டு, சாற்றோடு சாறாக எல்லாப் பாகத்துக்கும் அனுப்பும். சாறு உறிஞ்சுகிற பூச்சி நரம்பு இழுத்துச் சாகும். காயை எத்தனை முறை கழுவினாலும் உள்ளே போனது போகாது. சைலம் தண்ணீரை எப்படி மேலே ஏற்றுகிறது என்று காசித்தும்பைத் தண்டைச் சிவப்பு மையில் நிற்கவைத்து வருஷா வருஷம் காட்டியவளுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஐரோப்பாவில் தேனீக்களுக்காக அதை வெளித் தோட்டங்களில் அடிக்கக் கூடாதென்று 2018-ல்தான் தடை போட்டிருந்தார்கள். செய்தித்தாளில் அதைப் படித்துவிட்டு நம் ஊரிலும் வர வேண்டும் என்று பேசியவள்தான் நான்.

ராத்திரி பத்தரை மணிக்கு, கணவர் தூங்கிய பிறகு, மாடி விளக்கைப் போடாமல், செல்போன் வெளிச்சத்தில் கலக்கினேன். லிட்டருக்கு அரை மில்லிகூடத் தேவைப்படாத மருந்து. மூடியால் குத்துமதிப்பாக இரண்டு பங்கு ஊற்றினேன், நிச்சயமாகக் கேட்க வேண்டும் என்பதற்காக. வாயில் துணி கட்டவில்லை. கத்தரி, வெண்டை, செம்பருத்தி, அவற்றுக்குப் பக்கத்தில் இருந்த தக்காளிக்கும் பூச்சி வந்துவிடுமோ என்று அதற்கும் அடித்தேன். காற்று கடல் பக்கமிருந்து வீசியது. கீரைப் பைகள் காற்றின் வாக்கில் இருந்தன. கைத்தெளிப்பானைக் கழுவிய தண்ணீரைக் கிணற்றுக்கு எட்டடி தூரத்தில் மணலில் ஊற்றினேன். இந்த மணலுக்கடியில்தான் திருவான்மியூரிலிருந்து தெற்கே கடலோரம் நெடுக ஓடுகிற நன்னீர் இருக்கிறது. ஊற்றியதை மணல் உடனே குடித்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை தோட்டம் பார்க்க அழகாக இருந்தது. பூச்சி காய்ந்து உதிர்ந்திருந்தது. நான் பேசினேன். பப்பாளிக் குளவியின் கதையைச் சொன்னேன். வேம்பின் மீது அமெரிக்கக் கம்பெனிக்கும் அந்நாட்டு வேளாண் துறைக்கும் 1994-ல் ஐரோப்பா கொடுத்த காப்புரிமையை வந்தனா சிவாவும் மற்றவர்களும் வாதாடி 2000-ல் ரத்து செய்யவைத்ததையும், மேல்முறையீடும் 2005-ல் தோற்றதையும் சொன்னேன். இயற்கை விவசாயம் பேசிய நம்மாழ்வார் ஐயாவின் பெயரையும் எடுத்தேன். 2013 டிசம்பரில் அவர் இறந்தபோது வீட்டு ஆள் போனதுபோல இரண்டு நாள் சோறு இறங்காமல் இருந்தவள், நஞ்சடித்த செடிக்கு முன்னால் நின்று அவர் பெயரைச் சொன்னேன். இதை எழுதும்போது கை கூசுகிறது.

வந்தவர்களில் ஒருவரின் மகளுக்கு அப்போது நான்கு வயது இருக்கும். செர்ரித் தக்காளிச் செடி அவள் உயரத்துக்கு இருந்தது. நன்றாகச் சிவந்த ஒன்றைப் பறித்து, கவுனில் துடைத்து, என்னைப் பார்த்தாள். “பாட்டி, சாப்பிடலாமா?”

அவள் அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார்: “சாப்பிடுடா. பாட்டி மருந்தே அடிக்க மாட்டாங்க.”

நான் தலையசைத்தேன்.

அவள் ஒன்று தின்றாள். இன்னொன்றும் பறித்தாள். விதை கன்னத்தில் ஒட்டியிருந்ததை அவள் அம்மா சுண்டு விரலால் எடுத்துவிட்டார். கிளம்பும்போது எல்லாரும் ஆளுக்குக் கொஞ்சம் கத்தரிக்காய் எடுத்துப்போனார்கள்.

ஒரு தக்காளியில் என்ன வந்துவிடும் என்று அன்று ராத்திரி எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டேன். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் நான் தலையசைத்த அந்தக் கணத்தில் ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தெரியாது. தெரியாமலே அசைத்தேன். ஏழெட்டுப் பேர் முன்னால் என் முகம் விழாமல் இருப்பதற்கு அந்தக் குழந்தையின் வாயைக் கொடுத்தேன்.

அதோடு முடிந்துவிடவில்லை. எங்களுக்கு மீன் கொண்டுவருகிற அம்மா திருவான்மியூர் குப்பத்தைச் சேர்ந்தவர். பல வருஷப் பழக்கம். நான் மீன் அமிலம் போடுவதற்குச் செதிலும் குடலுமாகக் கழிவை அவர்தான் சேர்த்து எடுத்துவருவார். அதே எடைக்கு வெல்லம் போட்டு இருபத்தொரு நாள் மூடிவைப்பேன். பதிலுக்கு நான் கீரை கொடுப்பேன். அந்த ஜூனில் அவர் மகள் பிள்ளைத்தாய்ச்சியாக வந்திருந்தாள். “மருந்தடிக்காத கீரை தின்னச் சொன்னாங்க டீச்சரம்மா. ஒங்கிட்டதான் கெடைக்கும்” என்றார். அரைக்கீரை ஒரு கட்டு பறித்துக் கொடுத்தேன். இல்லை என்று சொன்னால் ஏன் என்று கேட்பாரே என்ற பயம். அடித்து ஐந்து நாள்கூட ஆகியிருக்கவில்லை.

மூன்று வாரத்தில் கத்தரி இலையில் ஊசியால் குத்தினதுபோல மஞ்சள் புள்ளிகள் தெரிந்தன. திருப்பிப் பார்த்தால் செஞ்சிலந்திப்பேன், நூல் படலம். அந்த மருந்துக்கு அது அடங்காது. பூச்சியைப் போல ஆறு காலுள்ளதும் அல்ல. அதைத் தின்று கட்டுக்குள் வைத்திருந்த சின்னஞ்சிறு வண்டுகளையும் பேன்தின்னிகளையும் நான் கொன்றுவிட்டிருந்தேன். மாடித் தரையில் பெருக்கும்போது பொறிவண்டுகள் மல்லாந்து கிடந்தன. ஆரஞ்சு முதுகில் கறுப்பு வளைகோடு போட்ட, அசுவினி தின்கிற சாதி. முறத்தில் எண்ணினேன், பதினேழு. பூசணிப் பூவுக்கு வருகிற கொசுத்தேனீ அந்த ஆடி முழுக்க வரவில்லை. பூ வாடி வாடி விழுந்தது. ஆவணியில் மாடிச் செடி அத்தனையையும் பிடுங்கிப் போட்டேன். கணவர் கேட்டதற்கு, தண்ணீர் இல்லாததால் காய்ந்துவிட்டது என்றேன். அதுவும் பொய்.

மறுபடி தொடங்க ஒரு வருஷம் ஆயிற்று. இப்போது பை ஓரத்தில் துலுக்கச் சாமந்தியும் சோம்பும் வைக்கிறேன். சோம்புப் பூவுக்கு ஒட்டுண்ணிக் குளவிகள் தேன் குடிக்க வருகின்றன. முதல் பூச்சி கண்ணில் பட்டதும் எதையும் தொடுவதில்லை. பத்து நாள் பார்க்கிறேன். விளக்குமாறு ஈர்க்கில் இலையைத் தூக்கித் தூக்கிப் பார்க்கிறேன். தென்னையில் சுருள் வெள்ளை ஈ வந்து, கீழ்மட்டையெல்லாம் கரும்பூசணம் படிந்து கிடக்கிறது. 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் தெரிந்த பூச்சி, கடற்கரை வரை வந்துவிட்டது. எதிர்வீட்டுக்காரர் வேரில் மருந்து கட்டச் சொல்கிறார். வெள்ளை ஈயின் குஞ்சுகளில் பல கறுத்திருக்கின்றன. என்கார்சியா என்ற குளவி உள்ளே போயிருப்பதன் அடையாளம் அது. கறுப்பு கூடுகிறதா குறைகிறதா என்று வாரம் ஒரு மட்டையைப் பார்த்து நோட்டில் குறித்துவைக்கிறேன். போன வாரம் ஒரு மட்டையில் நூற்றுக்கு நாற்பது.

அந்தக் குழந்தையின் அம்மாவிடம் 2021-ல் சொன்னேன். அவர்கள் வேளச்சேரிக்கு வீடு மாறுவதற்கு முந்தின நாள். சொல்வதற்கு அந்த நாளை நான் பார்த்துப் பிடித்ததும் கோழைத்தனம்தான். மறுநாள் முகத்தில் விழிக்க வேண்டாமே. அவர் கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: “அவ உங்களப் பாத்துக் கேட்டா இல்ல ஆன்ட்டி? அந்த ஒரு நிமிஷம் கையத் தட்டிவிட்டிருக்கலாமே. என்ன காரணம் வேணாலும் சொல்லியிருக்கலாமே. புளிக்கும்னு சொல்லியிருந்தாகூட அவ வச்சிருப்பா.”

ஆமாம், வைத்திருப்பாள்.

மற்றப் பெண்களில் மூன்று பேரிடம் சொல்லியிருக்கிறேன். மீதிப் பேர் எங்கே போனார்கள் என்று தெரியவில்லை. பாட்டிலைச் சாக்கடையில் ஊற்ற முடியாது, கடலுக்குப் போகும். மணலில் ஊற்றினால் கிணற்றுக்கு. குப்பைவண்டியில் போட்டால் பிரிக்கிறவர் கையில் உடையும். அதனால் பரணில் இருக்கிறது.

மீன்காரம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது, பள்ளிக்கூடம் போகிறது. வரும்போதெல்லாம் அந்தப் பேத்தியின் கதை சொல்லிவிட்டுத்தான் கீரைக்குக் கை நீட்டுவார். அவருக்குப் படிக்கத் தெரியாது. இதை எழுதி முடித்துவிட்டால் சொன்னதாக ஆகிவிடும் என்று ஒரு நினைப்பு நேற்று வந்தது. ஊரெல்லாம் படிக்கலாம், அவர் மட்டும் படிக்க மாட்டார். செவ்வாயும் வெள்ளியும் வருவார். நாளை செவ்வாய்.